கடுகு சொல்லாமல் வைத்திருந்தவை

ரேடியோ என்று ஒரு பையன் இருந்தான். வயது பத்து. பிறந்தபோது அவனுக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனும் சேர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பான். காலையில் கண்ணைத் திறக்கும்போதே வாயையும் திறப்பான். இரண்டையும் மூடுவது தூங்கும்போதுதான். “இந்த ரேடியோவை எங்கடா நிறுத்தறது?” என்று அப்பா ஒருநாள் அவன் காதையும் மூக்கையும் திருகிப் பார்த்தார். அன்றிலிருந்து அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அப்பாவும் அம்மாவும் சலவைக்கடை நடத்தினார்கள். கீழே கடை, மேலே வீடு. கடையில் துவைக்கிற மெஷின்கள் வரிசையாக நின்றன. அவற்றில் மிகப் பெரியதற்கு யானை என்று பெயர். கம்பளி, திரைச்சீலை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் அது ஒரே வாயில் வாங்கிக்கொள்ளும். அது வேகமாகச் சுற்றும்போது மேலே வீட்டு அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

மாலையில் கடைசித் துணியையும் மடித்து வைத்ததும் அப்பா ஷட்டரை இறக்குவார். உடனே யாரும் சாப்பிட ஓடிவிட முடியாது. துணி மடிக்கிற நீள மேசையைச் சுற்றி எல்லோரும் நிற்க வேண்டும். அன்றைக்கு ஆண்டவருக்குள் எதை நினைத்து மகிழ்ந்தோம் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். அதற்கப்புறம்தான் சாப்பாடு. மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும், வீட்டில் காய்ச்சல் இருந்தாலும் விருந்தாளி இருந்தாலும் இது நிற்காது. தினமும் பல் தேய்க்கிற மாதிரிதான் இதுவும் என்பார் அம்மா.

அப்பாவின் சந்தோஷம் எப்போதும் ஒரு வரியில் முடிந்துவிடும். அம்மாவுடையது இரண்டு வரி. ரேடியோவுடையது சாப்பாடு ஆறுகிறவரை போகும். “ஒண்ணுதான்டா சொல்லணும்” என்று அம்மா நினைவுபடுத்துவார். “ஒண்ணுதாம்மா, ஆனா அதுல நாலு இருக்கு” என்பான் அவன்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் கடுகு வந்தாள்.

கடுகு அவனுடைய சித்தியின் மகள். எட்டு வயது. குடும்பத்திலேயே சின்ன உருவம் என்பதால் எல்லோரும் அவளைக் கடுகு என்றார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. சித்திக்கு வயிற்றில் ஒரு கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சித்தியும் சித்தப்பாவும் தூரத்தில் இருக்கிற பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். கடுகு ஒரு பையையும் தன் தலையணையையும் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

முதல் நாள் மாலை எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். கடுகுக்கு மேசை உயரமாக இருந்தது. ரேடியோ ஓடிப்போய் ஒரு சோப்புப் பெட்டியைக் கொண்டுவந்து போட்டான். அவள் ஏறி நின்றாள். அப்பா சொன்னார், அம்மா சொன்னார், ரேடியோ சொன்னான், சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் எல்லோரும் கடுகைப் பார்த்தார்கள்.

“எனக்கு ஒண்ணுமில்ல, பெரியப்பா,” என்றாள் அவள்.

“சரிம்மா,” என்றார் அப்பா. பாட்டைத் தொடங்கிவிட்டார்.

புது இடம், கூச்சம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று ரேடியோ நினைத்தான். மறுநாளும் அவள் ஒண்ணுமில்ல என்றாள். அதற்கு அடுத்த நாளும் அதேதான். பாட்டுக்கு வாயசைப்பாள், ஜெபத்துக்குக் கண்ணை இறுக்கி மூடுவாள், எல்லோரையும்விட சத்தமாக ஆமென் சொல்வாள். சந்தோஷம் என்று வந்தால் மட்டும் ஒண்ணுமில்ல.

ரேடியோவால் இதைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு சந்தோஷம்கூடக் கொடுக்க முடியவில்லை என்றால் அது தன்னுடைய குறைதான் என்று அவன் முடிவு கட்டினான். இல்லாததைக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று களத்தில் இறங்கினான்.

முதலில் துண்டு. உலர்த்துகிற மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த துண்டைப் போல இதமான பொருள் உலகத்தில் இல்லை என்பது ரேடியோவின் கட்சி. அப்படி ஒன்றை எடுத்துவந்து கடுகின் முகத்தில் போட்டான். துண்டுக்குள்ளிருந்து ம்ம் என்று ஒரு சத்தம் வந்தது. வெளியே வந்த முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

பிறகு வண்டி. அழுக்குத்துணி போடுகிற சக்கரக் கூடையில் அவளை உட்கார வைத்துக் கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினான். திருப்பத்தில் கூடை சாய்ந்து இரண்டு பேரும் போர்வைக் குவியலில் போய் விழுந்தார்கள். அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ரேடியோ மட்டும்.

அதற்குப் பிறகு எலி. உலர்த்துகிற மெஷினின் வலையில் சாம்பல் நிறத்தில் மெத்தென்று பஞ்சுத் தூசி சேரும். அதை உருட்டி, வால் வைத்து, சட்டைப் பொத்தானில் கண் வைத்து ஓர் எலி செய்து கொடுத்தான். கடுகு அதை வாங்கி ஒரு வார்த்தை பேசாமல் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக நடந்தது ரேடியோ ஏற்பாடு செய்ததல்ல. தானாக நடந்தது. துவைப்பதற்கு முன் ஒவ்வொரு துணியின் பையையும் துழாவிப் பார்ப்பது கடை வழக்கம். அன்று ஆலயத்துப் பாடகர் குழுவை நடத்துகிற தாத்தாவின் கோட்டுப் பையில் கை விட்ட அம்மா, ஒரு முழு பல்செட்டை வெளியே எடுத்தார். எடுத்த வேகத்தில் மேசையில் போட்டுவிட்டார். அது தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தாத்தாவே வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து நின்றார். ஏதோ சொன்னார், யாருக்கும் புரியவில்லை. விரலால் பல் தேய்ப்பது போலச் செய்து காட்டினார். அம்மா முகத்தை மிகவும் மரியாதையாக வைத்துக்கொண்டு பல்செட்டை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். அவர் தெருவில் இறங்கிய பிறகு அம்மா மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

ரேடியோ தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்புக்கு நடுவே கடுகைப் பார்த்தான். அவள் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, முகம் சிவக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு உள்ளே முட்டுகிறது, அவள் கதவைச் சாத்திப் பிடித்திருக்கிறாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனாலும் மாலையில் அவள் ஒண்ணுமில்ல என்றாள்.

ரேடியோவுக்குப் பொறுமை போய்விட்டது. “இல்லப்பா, அவளுக்கு இருக்கு. இன்னிக்கு அந்தப் பல்லைப் பார்த்து அவ சிரிக்கப் பார்த்தா. நான் பார்த்தேன். அவளுக்காக நான் சொல்லிடறேன்,” என்று ஆரம்பித்தான்.

“நான் சிரிக்கல,” என்றாள் கடுகு. “நான் சிரிக்கவே இல்ல. பொய் சொல்லாதீங்க அண்ணா.” சோப்புப் பெட்டியிலிருந்து குதித்து மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

அன்று பாட்டு பாதியிலேயே தேய்ந்துபோனது. அம்மா ரேடியோவைத் திட்டவில்லை. அடுத்தவர் சந்தோஷத்தை அவருக்குப் பதிலாக நாம் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார். திட்டியிருந்தால் தேவலை என்று ரேடியோவுக்கு இருந்தது. நல்லது செய்யப் போய் அவளை அழ வைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

இது போதாதென்று மறுநாள் யானை படுத்துவிட்டது. வயிறு நிறையப் போர்வைகளை வைத்துக்கொண்டு கடகடவென்று ஒரு சத்தம் போட்டது. அப்புறம் தண்ணீரையெல்லாம் தரையில் கக்கியது. மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். உள்ளே ஒரு பாகம் உடைந்திருக்கிறது, அது எங்கிருந்தோ வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். அப்பாவும் அம்மாவும் ஈரப் போர்வைகளைப் பிழிந்து சின்ன மெஷின்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுத்தார்கள். மாலையில் ஷட்டரை இறக்கும்போது அப்பாவுக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை.

எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

“இன்னிக்கு எதுவுமே சரியா நடக்கல,” என்றார் அப்பா. “ஆனா ஆண்டவர் நேத்து எப்படி இருந்தாரோ அப்படியேதான் இன்னிக்கும் இருக்கார். அதுல எனக்குச் சந்தோஷம்.”

கடுகு சட்டென்று நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டு அல்ல. ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டவரைப் பார்ப்பது போலப் பயந்து பார்த்தாள். ரேடியோ அதைக் கவனித்தான். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. அன்று சித்தப்பா போனில் பேசினார். ஆபரேஷன் நாளைக்குக் காலையில் என்றார். அம்மா போனை வைத்துவிட்டு அதையே சொல்லி, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று கடுகின் தலையைத் தடவினார். கடுகு தலையாட்டினாள். சற்று நேரத்தில் அவளைக் காணவில்லை.

ரேடியோ மாடியில் தேடினான், வாசலில் தேடினான். கடைசியில் துவைத்து உறை போட்ட நீளக் கோட்டுகள் தொங்குகிற வரிசைக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. அவனும் குனிந்து உள்ளே நுழைந்தான். கடுகு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஜெபம் செய்கிறாள் என்று தெரிந்ததும் அவன் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். ரேடியோ பேசாமல் உட்காருவது சின்ன விஷயமல்ல.

அவள் கண்ணைத் திறந்தாள். “அண்ணா, பெரியப்பா ஏன் அப்படிச் சொன்னாங்க?”

“எப்படி?”

“சந்தோஷம்னு. யானை உடைஞ்சு கிடக்கும்போது போய் அப்படிச் சொல்லலாமா? அதனாலதான் அந்தப் பாகம் இன்னும் வரல.”

“எனக்குப் புரியல கடுகு.”

அவள் இவ்வளவு பெரிய அண்ணனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல மெதுவாக விளக்கினாள். “இயேசப்பாகிட்ட போய் நான் சந்தோஷமா இருக்கேன்னு சொன்னா அவர் என்ன நினைப்பார்? சரி, இந்த வீட்ல எல்லாம் நல்லா இருக்கு, அடுத்த வீட்டைப் பார்க்கலாம்னு போயிட மாட்டாரா? அவருக்கு எத்தனை வீடு இருக்கு.”

ரேடியோ அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான்.

“அதான் அம்மாவுக்குச் சரியாகிற வரைக்கும் நான் சந்தோஷமா இருக்க மாட்டேன்,” என்றாள் கடுகு. “சந்தோஷம் வந்தாலும் வெளிய விடமாட்டேன். அப்பதான் அவர் அம்மாவை மறக்க மாட்டார்.” அவள் கண்கள் நிறைந்துவிட்டன. “அன்னிக்கு அந்தப் பல்லைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு அண்ணா. கொஞ்சம் வெளிய வந்துடுச்சு. அதனால அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமா?”

இத்தனை நாளும் அவளைச் சிரிக்க வைக்கிறேன் என்று ரேடியோ துண்டையும் எலியையும் தூக்கிக்கொண்டு அலைந்தான். அவளோ ஒவ்வொரு முறையும் தன் அம்மாவைக் காப்பாற்றுவதற்காக அவனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அப்படி எதுவும் ஆகாது என்று உடனே சொல்லிவிட்டான். ஆனால் ஏன் ஆகாது என்று அவள் கேட்டபோது அவனிடம் பதில் இல்லை. அவள் சொல்வதில் ஏதோ தப்பு இருக்கிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அம்மாவிடம் கேட்கலாம் என்றான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கடுகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று சொல்லிவிட்டான். இனி அவனாகத்தான் யோசித்தாக வேண்டும்.

அன்று பிற்பகல் இரண்டு பேரும் மேசையருகே உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்தார்கள். ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று அப்பா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போது பஸ் ஓட்டுகிற அக்கா உள்ளே வந்தார். கையில் ஒரு நல்ல கோட்டு. முகம் தொங்கிப்போயிருந்தது. அவரிடம் இருக்கிற ஒரே நல்ல கோட்டாம். அதன் கையில் காபி கொட்டிவிட்டதாம். எப்போது கொட்டியது, துடைத்தீர்களா, தண்ணீர் பட்டதா என்று அம்மா டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து மஞ்சள் நூல் எடுத்து, கறை இருந்த இடத்தில் கோர்த்து ஒரு சின்ன முடிச்சுப் போட்டார்.

சலவைக்கடையில் இது எப்போதும் நடப்பதுதான். குவியலோடு குவியலாகப் போகும்போது எந்தத் துணியில் எங்கே கறை என்று தெரியாமல் போய்விடும். நூல் கட்டிவிட்டால் தப்பாது. கறை முழுக்கப் போன பிறகுதான் அந்த நூலை அறுப்பார்கள்.

முடிச்சு விழுந்ததும் பஸ் அக்கா பெருமூச்சு விட்டார். அப்புறம் காலையில் ஒரு பயணி தூக்கத்தில் இறங்காமல் பஸ்ஸோடு பணிமனைக்கே வந்துவிட்ட கதையைச் சொன்னார். அவரும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர் தெருவில் இறங்கிப் போனார்.

ரேடியோ அந்த மஞ்சள் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடிபட்டுவிட்டது.

“கடுகு,” என்று காதருகே குனிந்தான். “அந்த அக்கா கறையைப் பத்திச் சொன்னாங்கல்ல?”

“ம்.”

“அப்புறம் சிரிச்சுக்கிட்டே போனாங்கல்ல? இப்ப எங்க அம்மா அந்தக் கறையை மறந்துடுவாங்களா?”

கடுகு பெரியம்மாவைப் பார்த்தாள். “மறக்க மாட்டாங்க. நூல் கட்டியிருக்காங்களே.”

“கறை போகணும்னா அந்த அக்கா ராத்திரி வரைக்கும் இங்கயே அழுதுகிட்டு நிக்கணுமா?”

கடுகு அதையும் யோசித்துப் பார்த்தாள். “அவங்க பஸ் ஓட்டணுமே.”

“அதான். நீ சித்தியைப் பத்தி இயேசப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“தினமும் சொல்றேன். இப்பகூடச் சொன்னேன்.”

“அப்ப நூல் கட்டியாச்சு. நீ சிரிச்சா அது அவிழ்ந்துடாது.”

கடுகு ஒரு காலுறையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள். “நிச்சயமா தெரியுமா அண்ணா?”

ரேடியோ நினைத்திருந்தால் தெரியும் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். அவனுக்குச் சொல்ல மனம் வரவில்லை. “நான் அவரைப் போய்க் கேட்டுட்டு வரல. ஆனா ஒரு கோட்டை எங்க அம்மாவே மறக்க மாட்டாங்கன்னா, சித்தியை அவர் எப்படி மறப்பார்?”

அதன்பின் கடுகு சேர்த்த காலுறைகளில் பாதி ஜோடி மாறியிருந்தது.

மாலையில் ஷட்டர் இறங்கியது. இன்றைக்குத் தானே முதலில் சொல்வதாக ரேடியோ கேட்டுக்கொண்டான். வேறு மாதிரிச் சொல்லப்போகிறேன், யாரும் நடுவில் எதுவும் கேட்கக் கூடாது என்றான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சரி என்று தலையசைத்தார்.

“முதல்ல நூல் கட்டறேன்,” என்றான் ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு. “நாளைக்குச் சித்திக்கு ஆபரேஷன். சித்தியை நீங்க பார்த்துக்கணும். யானைக்கு அந்தப் பாகம் வரணும். கடுகை நான் அழ வச்சேன், அதுக்கு மன்னிக்கணும். இப்ப சந்தோஷம். கடுகு இன்னிக்கு என்கிட்ட பேசினா. ஆமென்.”

அவ்வளவுதான். அவன் இத்தனை சுருக்கமாக முடித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

நூல் என்று அவன் எதைச் சொல்கிறான் என்பது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கோட்டுகளுக்கு எத்தனையோ வருஷமாக நூல் கட்டுகிற கையல்லவா. “நானும் கட்டிக்கறேன்,” என்றார். “ஆண்டவரே, என் தங்கச்சி. எனக்குப் பயமா இருக்கு.” கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்காமலேயே அம்மா மெல்லச் சிரித்தார். “அவ சின்ன வயசுல என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டே பின்னால வருவா. அப்படி ஒரு தங்கச்சியைக் கொடுத்தீங்களே, அதுல எனக்குச் சந்தோஷம்.”

கடுகு பெரியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கண்ணீரும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் இருக்க முடியும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

அப்பா ஒரு வரி சொன்னார். யாரும் கடுகைப் பார்க்கவில்லை. ரேடியோகூட மிகவும் கஷ்டப்பட்டு மேசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எங்க அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்,” என்றாள் கடுகு. “அவங்களை மறந்துடாதீங்க இயேசப்பா.” மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். “துண்டு சூடா இருந்துச்சு.”

“எந்தத் துண்டும்மா?” என்றார் அப்பா.

“அண்ணா என் முகத்துல போட்ட துண்டு. உள்ள இருட்டா, கதகதப்பா, சோப்பு வாசனையா இருந்துச்சு. அப்புறம் கூடை வண்டி. கீழ விழுந்தப்ப வலிக்கவே இல்ல. இன்னொரு தடவை விழணும்னு இருந்துச்சு. அப்புறம் எலி. அதுக்கு நான் பேர் வச்சிருக்கேன். தினமும் என் தலையணை மேலதான் தூங்குது. யானை சுத்தும்போது தம்ளர் எல்லாம் பேசிக்கிற மாதிரி இருக்கும், அதுவும் எனக்குப் பிடிக்கும்.”

திறந்த குழாயை நிறுத்த முடியவில்லை. வந்த நாளிலிருந்து உள்ளே போட்டுப் பூட்டியது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெரியம்மா தலை வாரும்போது வலிக்காமல் வாருகிறார். ஆலயத்தில் உட்கார்ந்த இடத்தில் ஜன்னல் வழியாக வெயில் வந்து கால்மேல் விழுந்தது. சோப்புப் பெட்டிமேல் ஏறினால் பெரியப்பாவின் தோள் உயரத்துக்கு வந்துவிடலாம். மேலே சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதை நினைக்கவில்லை.

“அப்புறம் அந்தத் தாத்தா,” என்றாள். “பல்லு வேணும்னு இப்படிக் காட்டினாங்க.” விரலை வாய்க்கு முன்னால் ஆட்டிக் காட்டினாள். அவ்வளவுதான், அன்றைக்குக் கதவைச் சாத்திப் பிடித்திருந்த சிரிப்பு மொத்தமாக வெளியே கொட்டியது. சோப்புப் பெட்டி ஆட ஆடச் சிரித்தாள். அம்மா சிரித்தார், அப்பா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

சட்டென்று கடுகு வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்த கண்களால் ரேடியோவைப் பார்த்தாள். அவன் கட்டியாச்சு என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினான். அவள் மெதுவாகக் கையை எடுத்தாள்.

மறுநாள் காலை நீண்டுகொண்டே போனது. அப்பா இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டார். கடுகு வாசற்படியில் எலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் ரேடியோ பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தபோது அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் தரையில் உட்கார்ந்து கடுகை இழுத்து அணைத்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. கட்டியை எடுத்துவிட்டார்கள். சித்தி தூங்குகிறார்.

யானைக்கு வேண்டிய பாகம் மட்டும் அன்றைக்கும் வரவில்லை. அதற்கும் நூல் கட்டித்தான் இருக்கிறது, வரும்போது வரட்டும் என்றார் அப்பா.

சில நாள் கழித்து சித்தியே பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று அம்மா போனை மேசைமேல் வைத்தார்.

“கண்ணு, அங்க அழுதுகிட்டே இருக்கியா?” என்றார் சித்தி. “நீ அழுவியோ அழுவியோன்னு நினைச்சுக்கிட்டுத்தான் அம்மா படுத்திருக்கேன்.”

கடுகு இதை எதிர்பார்க்கவில்லை. “இல்லம்மா. நான் இங்க நிறைய சிரிச்சேன்,” என்று சொல்லிவிட்டு, பல்செட்டுக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அது தட்டில் போனதையும் சொன்னாள், பெரியம்மா மெஷினுக்குப் பின்னால் போய் நின்றதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. விக்குவது போல ஒரு சத்தம் கேட்டது. கடுகின் முகம் மாறியது. “அம்மா? அம்மா?”

சித்தப்பா போனை வாங்கினார். “பயப்படாதம்மா. உங்கம்மா சிரிக்கிறா. சிரிச்சா தையல் பிடிச்சு இழுக்குதாம். ஐயோ வலிக்குதேங்கறா, இன்னும் சொல்லச் சொல்லுங்கறா.”

அன்று மாலை ஷட்டர் முழுக்க இறங்குவதற்குள் கடுகு சோப்புப் பெட்டிமேல் ஏறி நின்றுவிட்டாள். தான்தான் முதலில் சொல்வேன் என்றாள். கையைக் குவித்துக் கண்ணை இறுக்கி மூடினாள்.

“எங்க அம்மாவுக்குத் தையல் வலிக்குது, இயேசப்பா. சீக்கிரம் சரியாக்குங்க,” என்றாள் கவலையோடு.

பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து ரேடியோவைப் பார்த்தாள்.

“வலிக்க வச்சது நான்தான்,” என்றாள் வாயெல்லாம் பல்லாக.